வெட்டுத் துண்டுகளைக் குப்பையோடு கலக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளியை ஒட்டி வீடுகளில் சேரும் குப்பையைப் பற்றி உங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் ஆண்டுதோறும் கடிதங்கள் வருகின்றன. மீந்த உணவு, நெகிழித் தட்டு, பட்டாசுத் தாள் ஆகியவற்றைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். ஆனால் பண்டிகைக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே எங்களைப் போன்ற தையல்கடைகளின் பின்வாசல் வழியாகப் போய்க்கொண்டிருக்கும் குப்பையைப் பற்றி எவரும் எழுதிப் பார்த்ததில்லை. கோலாலம்பூரில் சிறிய தையல்கடை ஒன்றை நடத்துபவள் என்ற முறையில் அதைப் பற்றியும், அதில் கணிசமான பகுதியைப் போர்வையாக்கிவிடும் ஒரு தையல் முறையைப் பற்றியும் எழுத விரும்புகிறேன். கடிதம் சற்று நீண்டால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

மஸ்ஜிட் இந்தியாவிலும் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானிலும் மீட்டர் கணக்கில் வாங்கிய துணி, எங்கள் வெட்டு மேசைக்கு வந்த சிறிது நேரத்தில் உடையாகவும் துண்டாகவும் பிரிந்துவிடுகிறது. ரவிக்கைக்கு முன்பாகம், முதுகு, கை என்று வெட்டி எடுத்தபின் எஞ்சுபவை இரண்டு வகைப்படும். கழுத்திலிருந்தும் கைக்குழியிலிருந்தும் விழும் பிறை வடிவத் துண்டுகள் ஒரு வகை. துணியின் ஓரத்தில் நீளவாக்கில் நின்றுவிடும் பட்டைகள் இன்னொரு வகை. மலாய்ப் பெண்களின் தளர்வான நீள உடையான பாஜு கூரோங் வெட்டும்போது இரண்டாம் வகையே மிகுதியாக விழும். அந்த உடையின் உடற்பகுதி, கை, பக்கப்பட்டை எல்லாமே பெரும்பாலும் நேர்க்கோட்டில் வெட்டப்படுபவை என்பதுதான் காரணம். அந்தப் பட்டைகள் ஒரு விரல் அல்லது இரண்டு விரல் அகலமும், ஒரு முழமோ அதற்கு மேலோ நீளமும் இருக்கும். அவ்வளவு குறுகலான துணியில் ஒரு கைக்குட்டைகூட வராது என்பதால், காலடியில் விழுந்து கிடந்து, மாலையில் நூல், தூசி, தேநீர் வாங்கிய நெகிழிப் பை ஆகியவற்றோடு சேர்ந்து கறுப்புப் பைக்குள் போய்விடுகின்றன.

கோலாலம்பூரில் வீட்டுக் குப்பையை வகை பிரித்துத்தான் வெளியே வைக்க வேண்டும் என்ற விதி 2015 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. துணியை மற்ற குப்பையோடு சேர்க்காமல் தனியாக வைக்க அதில் இடம் உண்டு. பழைய துணி போடும் பெட்டிகளும் பல இடங்களில் வைக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அந்தப் பெட்டிகள் பெரும்பாலும் இன்னொருவர் உடுத்தக்கூடிய உடையை எதிர்பார்த்து வைக்கப்பட்டவை. விரலகலத் துண்டுகளை அங்கே கொண்டுபோய்க் கொட்டுவது அதைப் பிரிப்பவர்களுக்குத் தொல்லை கொடுப்பதாகும். எனவே நம் துண்டுகள் பொதுக்குப்பையில் சேர்ந்து, தலைநகரின் மற்ற குப்பையோடு உலு சிலாங்கூரில் உள்ள புக்கிட் தாகார் புதைகுழிக்குப் போகின்றன. பருத்தி அங்கே காற்றுப் படாமல் அழுகி மீத்தேன் வாயுவை விடுகிறது. பாலியெஸ்டர் அழுகுவதே இல்லை. மறுசுழற்சி ஆலைகள் இதைப் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடவும் முடியாது. உலகில் உடைக்காகப் பயன்படும் மூலப்பொருளில் 1 விழுக்காட்டுக்கும் குறைவானதுதான் மீண்டும் புதிய உடையாகிறது என்று எல்லன் மெக்ஆர்தர் அறநிறுவனம் 2017இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. துணியைத் துணியாகவே வைத்துப் பயன்படுத்தும் வழி இருக்குமானால், அதை முதலில் பார்த்துவிடுவதே முறை.

அப்படி ஒரு வழி இருக்கிறது. ஸ்டிரிங் குயில்ட் என்று வெளிநாடுகளில் வழங்கும் பட்டைத்துணிப் போர்வை அது. நம் நாட்டில் செலிமுட் பெர்ச்சா என்ற பெயரில் பலர் வீட்டில் இருக்கும் துண்டுத்துணிப் போர்வைக்கு இது உறவுதான். ஆனால் தைக்கும் முறை வேறு. வழக்கமான துண்டுத்துணிப் போர்வைக்கு எல்லாத் துண்டுகளையும் ஒரே அளவுச் சதுரமாகவோ முக்கோணமாகவோ வெட்டிக்கொள்ள வேண்டும். அப்படி வெட்டும்போதே இன்னொரு குவியல் குப்பை விழும். பட்டைத்துணிப் போர்வையிலோ துண்டின் அகலத்தை அளக்க வேண்டிய தேவையே இல்லை. ஒரு முனையில் ஒரு அங்குலமும் மறு முனையில் ஒன்றரை அங்குலமுமாகக் கோணிப்போன பட்டைக்கும் அதில் இடம் உண்டு. ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும்.

செய்முறையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் இதைப் படித்தவர் இன்றே ஒரு சதுரம் தைத்துப் பார்க்கலாம். பழைய வேட்டி, நைந்த படுக்கை விரிப்பு, வெளுத்துப்போன கைலி ஆகியவற்றிலிருந்து 9 அங்குலச் சதுரமாக அடித்துணியை வெட்டிக்கொள்ள வேண்டும். அதில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குப் பென்சிலால் ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் முதல் பட்டையை, நல்ல பக்கம் மேலே தெரியும்படி, நடுவில் வைக்க வேண்டும். இரண்டாவது பட்டையை அதன்மேல் நல்ல பக்கம் கீழே இருக்குமாறு கவிழ்த்து, இரண்டின் ஓரத்தையும் சேர்த்துப் பிடித்து, கால் அங்குலம் உள்ளே தள்ளி, அடித்துணியையும் சேர்த்தே ஒரு தையல் போட வேண்டும். பிறகு மேலே உள்ள பட்டையைத் திருப்பி, நகத்தால் நன்றாகக் கீறிப் படியவைத்தால் தையல் உள்ளே மறைந்துவிடும். அடுத்த பட்டையை இதன் ஓரத்தில் கவிழ்த்து, மறுபடி தையல், மறுபடி திருப்பல் என்று மூலை வரை போய், பின்னர் கோட்டின் மறுபுறத்தையும் அவ்வாறே நிரப்ப வேண்டும். முடிந்ததும் இஸ்திரி போட்டு, பின்பக்கம் திருப்பி, எட்டரை அங்குலச் சதுரமாக நறுக்கிவிட்டால், வெளியே நீட்டிக்கொண்டிருந்த கோணல் முனைகள் எல்லாம் போய் ஓரம் ஒழுங்காகிவிடும்.

மூலையைப் பற்றி ஒரு வார்த்தை. கடைசிப் பட்டை குறுகலாக இருந்தால், நறுக்கும்போது மூலையில் நகக்கண் அளவு முக்கோணம் ஒன்றுதான் மிஞ்சும். நான்கு சதுரங்களின் மூலைகள் ஒன்றுசேரும் இடத்தில் அந்தச் சிறு முக்கோணங்களின் தையல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி ஒரு முடிச்சாய்த் தடித்துவிடும். ஊசி அங்கேதான் முறியும். ஆகவே மூலைக்கு மட்டும் இரண்டு அங்குலத்துக்குக் குறையாத அகலமான துண்டாகப் பார்த்து எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ரவிக்கைக் கழுத்திலிருந்து விழும் பிறைத் துண்டின் ஒரு பக்கத்தை நேராக்கினால் அதுவே மூலைக்குப் போதும் என்பதால், முதலில் சொன்ன இரண்டு வகைக்குமே இதில் வேலை இருக்கிறது.

பல சதுரங்களை ஒரே நேரத்தில் வைத்துத் தைப்பவர்கள் ஒவ்வொன்றுக்கும் நூலை அறுக்க வேண்டியதில்லை. ஒன்று முடிந்ததும் அடுத்ததை ஊசிக்குக் கீழே தள்ளிக்கொண்டே போனால், இயந்திரத்துக்குப் பின்னால் சதுரங்கள் மாவிலைத் தோரணம்போல ஒரே நூலில் தொங்கும், கடைசியில் கத்தரித்துக்கொள்ளலாம். நூலும் மிச்சம், நேரமும் மிச்சம்.

அடித்துணிக்குப் பதிலாகத் தாளையும் பயன்படுத்தலாம். 1930களில் அமெரிக்காவில் பொருளாதாரம் நொடித்துக் கிடந்த காலத்தில், நாளிதழ்த் தாளையும் பொருள் விளக்கப் பட்டியல் தாளையும் அடியில் வைத்துப் பெண்கள் இப்படித் தைத்தார்கள். போர்வையாக இணைக்கப்படாமல் பெட்டியில் கிடந்த பழைய சதுரங்களின் பின்னால் அந்தத் தாள் அப்படியே ஒட்டிக்கொண்டிருப்பதுண்டு. அதில் அச்சாகியிருக்கும் தேதியைப் பார்த்து, இந்தச் சதுரம் இன்ன நாளுக்கு முந்தியதாக இருக்க முடியாது என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிடுகிறார்கள். தாளில் தைப்பதானால் தையலை நெருக்கிவிட வேண்டும். புதுவகை இயந்திரத்தில் 1.5 மில்லிமீட்டருக்கும், கால்மிதி இயந்திரத்தில் அங்குலத்துக்கு 16 முதல் 18 தையல் விழும்படியும் வைத்து, 14ஆம் நம்பர் ஊசியால் தைத்தால், ஊசித் துளைகளின் வழியே தாள் சுலபமாகக் கிழிந்துவரும். தாளில் தைத்த ஊசி சீக்கிரம் மழுங்கும். அதே ஊசியால் வாடிக்கையாளரின் பட்டு ரவிக்கையைத் தொடக்கூடாது. மேலும், சதுரங்களை ஒன்றோடொன்று இணைத்து முடிக்கும் வரை தாளைக் கிழிக்காமல் இருப்பது முக்கியம். பட்டைகள் மூலைவிட்டமாகப் போவதால் சதுரத்தின் நான்கு ஓரமும் கிராஸ் வெட்டாக, அதாவது இழைக்குச் சாய்வாக வெட்டியதாகத்தான் நிற்கும். தாங்கிப் பிடிக்க அடியில் ஒன்றும் இல்லாவிட்டால் இழுத்த இழுப்புக்கெல்லாம் நீளும்.

எனினும் நம் ஊருக்கு அடித்துணியே ஏற்றது என்பது என் கருத்து. குளிர்நாடுகளில் மேல்துணிக்கும் கீழ்த்துணிக்கும் நடுவே பஞ்சுப்படலம் வைத்துத் தைப்பார்கள். கோலாலம்பூரின் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் பஞ்சு வைத்த போர்வையைத் துவைத்தால், அடுக்குமாடி வீட்டின் பின்கட்டுக் கம்பியில் அது காய்வதற்குள் பூசணம் பிடித்த வாடை வந்துவிடும். பழைய வேட்டியை அடித்துணியாக வைத்துத் தைத்த சதுரங்களை இணைத்து, கீழே இன்னொரு பழைய சேலையையோ விரிப்பையோ கொடுத்து, நான்கு அங்குலத்துக்கு ஒரு முடிச்சாக இரண்டையும் பிணைத்துவிட்டால், குளிரூட்டி ஓடும் அறையில் போர்த்திக்கொள்ள அந்தக் கனமே போதும். பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டுக் குழந்தைக்கு விரித்த பாட்டிமார் நம்மிடையே இருந்தவர்கள்தாம். அவர்களும் பஞ்சைத் தேடிப் போகவில்லை.

அழகைப் பற்றிக் கவலைப்படுவோருக்காக ஒன்று. கண்டபடி கலந்த நிறங்கள் கண்ணைக் குத்தாமல் இருக்க ஓர் எளிய உபாயம் உண்டு. எல்லாச் சதுரங்களிலும் நடுக்கோட்டின் மேல் வரும் முதல் பட்டை மட்டும் ஒரே நிறமாகவும் ஏறத்தாழ ஒரே அகலமாகவும் இருந்தால் போதும். மற்றவை என்ன நிறமாக இருந்தாலும் பாதகமில்லை. நான்கு சதுரங்களைத் திருப்பி வைத்து இணைக்கும்போது அந்த நடுப்பட்டைகள் சேர்ந்து ஒரு வைர வடிவத்தை உண்டாக்கும். போர்வை முழுவதும் அந்த வைரங்களே கண்ணுக்கு முதலில் தெரியும். இடைநிலைப்பள்ளி மாணவியரின் பச்சை கலந்த நீலச் சீருடைத் துணி கடையில் துண்டாகக் கிடப்பதுண்டு. அதை நடுப்பட்டையாக வைத்துத் தைத்த ஒரு போர்வையைப் பார்த்த வாடிக்கையாளர்களில் பாதிப்பேர், அதைச் சீருடைத் துணி என்று நம்பவில்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். துண்டு குறுகலாக இருப்பதால் அது குப்பையாவதில்லை. முக்கால் அங்குலத்துக்குக் குறையாத எந்தப் பட்டையும் இந்த முறையில் பயன்படும். இருபுறமும் தையலுக்குக் கால் அங்குலம் போக, கால் அங்குலம் மேலே தெரியும். பருத்தியும் செயற்கை இழையும் ஒரே பைக்குள் கலந்துவிடுகின்றனவே, அந்த இடத்தில்தான் அது குப்பையாகிறது. கலந்த பையை வாங்கிப் போகிறவர் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகச் சோதிக்க வேண்டும். ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினால் பருத்தி தாள் எரிவதைப்போல் எரிந்து மிருதுவான சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகச் சுருளும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு பை நிறையக் கிடக்கும் துண்டுகளுக்கு யார் அப்படிச் செய்துகொண்டிருப்பார்கள்? சோதிக்காமல் தைத்தாலோ, பருத்திக்கு வைத்த இஸ்திரிச் சூட்டில் சாட்டின் பட்டை சுருங்கி ஒட்டிக்கொள்ளும். முதல் துவைப்பில் பருத்தி சுருங்கும்போது பாலியெஸ்டர் அப்படியே நின்று போர்வை முழுவதும் குமிழ் குமிழாக எழும்பும். அத்தோடு அவர் துண்டுத்துணியைக் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார்.

இந்தப் பிரிப்பை வெட்டு மேசையில் செய்தால் ஒரு நொடி வேலை. கத்தரிக்கோல் கையில் இருக்கும் அந்த நேரத்தில், அது என்ன துணி என்று தையற்காரருக்குத் தெரியும். மறுநாள் பைக்குள் கைவிட்டுப் பார்த்தால் அவருக்கும் தெரியாது. ஆகவே மேசைக்குக் கீழே இரண்டு கொக்கி, இரண்டு பை. ஒன்றில் பருத்தி, மற்றதில் மற்றதெல்லாம். முக்கால் அங்குலத்துக்குக் குறைந்தவை எதிலும் வேண்டாம். இந்நாளில் ரவிக்கைத் துணியே பெரும்பாலும் செயற்கைப் பட்டு, ஜார்ஜெட், வலைத்துணி, சரிகை நெய்தது என்றாகிவிட்டதே, பருத்திக்கு எங்கே போவது என்று சக தொழிலாளர்கள் கேட்கலாம். அந்த ரவிக்கைகளுக்கெல்லாம் உள்ளே நாம் கொடுக்கும் லைனிங் துணியை மறந்துவிடக்கூடாது. மேல்துணியின் நிறத்துக்கு ஏற்ப வாங்கும் பருத்தி லைனிங், டூ பை டூ ரூபியா என்ற மெல்லிய ரவிக்கைத் துணி ஆகியவற்றின் துண்டுகள் மெல்லியவை, பூ வேலை இல்லாத ஒரே நிறம், இஸ்திரிக்குப் படியக்கூடியவை. பட்டைத்துணிப் போர்வைக்கு இவற்றைவிடப் பொருத்தமான துணியை நான் பார்த்ததில்லை. சேலைக்கு வைக்கும் ஃபால் துணியில் வெட்டி எறியும் முனைகூட, பருத்தியாக இருந்தால், இதற்கு ஆகும்.

பாத்தேக் என்ற மெழுகுச்சாயத் துணியின் துண்டுகளை மட்டும் முன்பே சோதித்துக்கொள்ள வேண்டும். அடர்சிவப்பும் கறுப்பும் சாயம் விடுவதுண்டு. ஈரப்படுத்திய துண்டை ஒரு வெள்ளைத் துணியின்மேல் வைத்து அழுத்தினால் தெரிந்துவிடும். உப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். கடையில் வாங்கும் இன்றைய சாயத் துணிக்கு அந்த வைத்தியம் பலிப்பதில்லை. சாயம் விடும் துண்டை ஒதுக்கிவிடுவதே மேல்.

செயற்கை இழைத் துண்டுகளும் வீண் அல்ல. தனியாகப் பிரித்திருந்தால் அவற்றை அவற்றோடு மட்டும் சேர்த்து, இஸ்திரிச் சூட்டைக் குறைத்து, இதே முறையில் தைக்கலாம். போர்வைக்கு வேண்டாம், உடம்பில் ஒட்டி வேர்க்கும். தலையணை உறைக்கும், பூசைத் தட்டு மூடும் துணிக்கும், திருமணங்களில் கொடுக்கும் தாம்பூலப் பைக்கும் சரிகைத் துண்டுகள் எடுப்பாக இருக்கும்.

கணக்கையும் பார்த்துவிடலாம். தைத்து முடித்தபின் 8 அங்குலம் நிற்கும் சதுரங்களை அகலத்துக்கு 8, நீளத்துக்கு 10 என்று இணைத்தால் 64 அங்குலத்துக்கு 80 அங்குலம், அதாவது ஒற்றைக் கட்டிலின் இருபுறமும் தாராளமாகத் தொங்கும் போர்வை ஒன்று கிடைக்கும். ஒன்றரை அங்குலப் பட்டையில் ஒரு அங்குலம்தான் மேலே தெரியும் என்பதால், போர்வையின் பரப்பைப்போல் ஒன்றரை மடங்கு துணி உள்ளே போகிறது. 44 அங்குலப் பன்னா, அதாவது அகலம் உள்ள துணிக்குக் கணக்கிட்டால் நாலரை மீட்டர். ஓரம் நறுக்கும் சேதத்தோடு ஏறக்குறைய ஐந்து மீட்டர். ஒரு பாஜு கூரோங்குக்கு வாங்கும் துணியைவிட இது அதிகம். பட்டை குறுகக் குறுக உள்ளே மறையும் துணியின் விகிதம் கூடிக்கொண்டே போகும். ஒரு அங்குலப் பட்டையில் சரிபாதி தையலுக்குள் போய்விடும். புதுத்துணி வாங்கித் தைப்பவருக்கு இது நட்டம். குப்பைக்குப் போவதைத் தடுக்க நினைப்பவருக்கு இதுவே வசதி.

உழைப்பையும் மறைக்கக்கூடாது. ஒரு சதுரத்துக்குப் பத்துப் பதினொரு பட்டைகள் என்றால், 80 சதுரங்களுக்கு ஏறக்குறைய 800 தையல் ஆகும். அதனால்தான், வீட்டிலிருந்தபடியே கைநிறையச் சம்பாதிக்கலாம் என்று சிலர் இதுபோன்ற கைவேலைகளைப் பற்றிப் பேசுவதையும் எழுதுவதையும் காணும்போது எனக்கு உடன்பாடு ஏற்படுவதில்லை. 800 தையலுக்கு நியாயமான கூலி போட்டு ஒரு விலை சொன்னால், பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் இறக்குமதிப் போர்வையை அதில் ஒரு சிறு பங்குக்கு வாங்கிப் பழகியவர் திரும்பிப் பார்க்கமாட்டார். விலையைக் குறைத்துக் கொடுத்தால் தைத்தவளின் முதுகுவலிக்கு மருந்து வாங்கவும் காணாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தைத்துத் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்வதற்கும், பேறுகாலத்துப் பெண்ணுக்கும் வயதானவர்களுக்கும் கொடுப்பதற்கும் உரிய பொருள் இது. வியாபாரமாக நடத்த விரும்புபவர்கள் தாம்பூலப் பையோடு தொடங்கலாம்.

தொழிலாகவே இதைச் செய்து காட்டியவர்களும் உலகில் இல்லாமலில்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆற்று வளைவுக்குள் ஒதுங்கியிருக்கும் கீஸ் பெண்ட் என்ற சிற்றூரில், பருத்தித் தோட்டத்து அடிமைகளாக இருந்தவர்களின் வழித்தோன்றல்களான கறுப்பினப் பெண்கள், கிழிந்த வேலையுடுப்பையும் தீவன மூட்டைத் துணியையும் பட்டைகளாக்கித் தலைமுறை தலைமுறையாகப் போர்வை தைத்து வந்தார்கள். 1966இல் அப்பகுதிப் பெண்கள் ஃபிரீடம் குயில்டிங் பீ என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார்கள். 1972இல் சியர்ஸ் என்ற பெரிய விற்பனை நிறுவனம், கார்ட்ராய் என்ற வரிவரியான தடித்த துணியில் தலையணை உறைகளைத் தைக்கும் ஒப்பந்தத்தை அவர்களுக்குக் கொடுத்தது. அந்த வேலையில் விழுந்த கார்ட்ராய் வெட்டுத் துண்டுகளை அவர்கள் வீணாக்கவில்லை. வீட்டுக்கு எடுத்துப் போய்ப் போர்வையாக்கினார்கள். 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் கீஸ் பெண்ட் போர்வைகளைச் சுவரில் மாட்டிக் கண்காட்சி நடத்தியது. 2006இல் அந்நாட்டு அஞ்சல்துறை அவற்றைத் தபால்தலைகளில் அச்சிட்டது. வெட்டுத் துண்டு குப்பைக்குப் போகாமல் தைப்பவர் கைக்கே போய்ச் சேர்ந்தது என்ற ஒரு செய்திக்காகவே இதை இங்கே குறிப்பிடுகிறேன். நாம் செய்யத் தவறுவது அந்த ஒன்றைத்தான். கர்நாடகத்தின் எல்லாப்பூர், ஹளியாள் வட்டாரங்களில் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்களும் பழைய துணித் துண்டுகளைக் கொண்டு காவந்தி என்ற போர்வையை, ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கிக் கையாலேயே தைத்துக்கொண்டு வருகிறார்கள். நான்கு மூலைகளிலும் முக்கோணத் துணிப்பூ வைக்காமல் அவர்கள் அதை முடிப்பதில்லை.

நம்மவர்களிடம் இதற்கு இரண்டு தடைகள் உண்டு. ஒட்டுப்போட்ட துணி வீட்டுக்கு ஆகாது, தரித்திரம் என்று சொல்பவர்கள் முதல் தடை. தையல்கடைத் துண்டு எவரும் உடுத்தாத கோடித்துணி என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம்; கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று கற்பித்த சமூகத்துக்குக் கந்தையே ஆகாத துணியைப் பார்த்து என்ன தயக்கம்? இரண்டாவது தடை சற்று நுட்பமானது. வெட்டியபின் எஞ்சும் துணி யாருக்குச் சொந்தம்? வாடிக்கையாளரின் காசில் வாங்கியது, ஆகவே அவருக்கே சொந்தம். மிச்சத் துணியைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். கேட்கக் கூச்சப்பட்டு, தையற்காரர் எடுத்துக்கொண்டார் என்று வெளியே பேசுபவர்களும் இருக்கிறார்கள். துணியை வாங்கி அளவெடுக்கும்போதே, "மிச்சத் துண்டு உங்களுக்கு வேண்டுமா அக்கா, போர்வைப் பையில் போடலாமா?" என்று கேட்டு, பற்றுச்சீட்டில் ஒரு குறி போட்டுவிட்டால் மனத்தாங்கலுக்கு இடமில்லை. லைனிங் துணி பல கடைகளில் கடைக்காரரே வாங்கிப் போடுவது. அதில் இந்தக் கேள்வி எழாது.

பிரித்து வைத்த பையை யார் வந்து எடுப்பது என்ற கேள்விக்கு என்னிடம் பெரிய திட்டம் எதுவும் இல்லை. கோயில்களின் மாதர் பிரிவு, குடியிருப்பாளர் சங்கம், முதியோர் நடவடிக்கை மையம் என்று ஆளும் இடமும் ஏற்கெனவே இருக்கும் அமைப்புகள் நம்மிடம் பல உள்ளன. அவற்றில் ஏதாவது ஒன்று தன் வட்டாரத்துத் தையல்கடைகளில் தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதங்களில் வாரம் ஒருமுறை பருத்திப் பையை எடுத்துக்கொள்ள முன்வந்தால், பண்டிகை முடிந்தபின் வருடம் முழுவதும் தைப்பதற்குத் துணி இருக்கும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் மனம் வைத்தால், மேல்வகுப்புப் பிள்ளைகள் கையூசியாலேயே ஆளுக்கு ஒரு சதுரம் தைக்கலாம். ஒரு வகுப்புப் பிள்ளைகளின் சதுரங்களை இணைத்தால் ஒரு சிறு போர்வை ஆகும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறு பதிப்பின் பெண்கள் பக்கத்தில் எட்டரை அங்குலச் சதுரம் ஒன்றை, மூலைவிட்டக் கோட்டோடு, உண்மையான அளவிலேயே அச்சிட்டுத் தர இயலுமா? அந்தத் தாளையே அடியில் வைத்து வாசகர்கள் முதல் சதுரத்தைத் தைத்துப் பார்க்கலாம். மேலும் வேண்டுமென்றால், அதற்கடியில் நான்கைந்து வெற்றுத்தாள்களை அடுக்கி, நூல் கோக்காத ஊசியால் கோடுகளின் மேல் இயந்திரத்தை ஓட்டினால், துளைகளாகவே அத்தனை தாளிலும் வடிவம் பதிந்துவிடும். கோடுகள் மெல்லிய சாம்பல் நிறத்தில் இருப்பதும், சதுரத்துக்குப் பின்பக்கம் படமோ விளம்பரமோ இல்லாமல் வெறுமையாக விடுவதும் அவசியம். அச்சு மை வெளிர்நிறத் துணியில் ஒட்டிக்கொள்ளும், இஸ்திரிச் சூடு பட்டால் இன்னும் மோசம். அந்த அளவு விளம்பர இடத்தை விட்டுக்கொடுப்பது நிர்வாகத்துக்குச் சிரமமாக இருந்தால், சதுரத்தை ஆறரை அங்குலமாகக் குறைத்துக்கொண்டாலும் குற்றமில்லை. 6 அங்குலச் சதுரத்துக்குக் குட்டைத் துண்டுகளும் எட்டும்.

இப்படிக்கு,
தையல்கடை நடத்தும் வாசகி,
செந்தூல், கோலாலம்பூர்.